கல் பாடுதா?

எங்கள் தெருவில் பால் வாங்கப் போகும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிற ஆள் ஒருவர்தான். பக்கத்து வீட்டு அண்ணன். கண்ணாடி என்றால் மூக்கில் உட்காருகிற சாதாரணக் கண்ணாடி இல்லை. பக்கவாட்டெல்லாம் மூடி, ரப்பர் பட்டை வைத்துப் பின்மண்டையில் இழுத்து மாட்டுவது. கழற்ற மறந்துவிடுகிறதாம். பதினோரு வருஷமாகவா ஒரு மனுஷருக்கு மறக்கும்? கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பால்காரருக்கு அவருடைய நிஜப் பெயர் இன்றுவரை தெரியாது.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் என் அடுப்படி, அந்தப் பக்கம் தகரக்கூரை போட்ட அவருடைய பட்டறை. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று தெருவில் சொல்கிறவர்கள் ஒருதரம் வந்து அந்தச் சுவரைப் பார்க்கட்டும். கேட்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டும்.

பட்டறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையோடு போல்ட்டு போட்டு இறுக்கிய ஒரு மரமேசை. அதன்மேல் ஒரு மோட்டார். ஒரு பக்கம் சாணைக்கல், மறுபக்கம் துணியை அடுக்கடுக்காகத் தைத்த பஃபிங் சக்கரம். கம்பெனியிலிருந்து எவர்சில்வர் கதவுக் கைப்பிடிகள் மூட்டையில் வரும், ஓரமெல்லாம் பிசிரோடு. அவர் கல்லில் பிசிரை எடுத்து, சக்கரத்தில் பாலிஷ் கட்டி தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பார். அக்கா, அதாவது அவர் மனைவி, மோட்டாருக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து சூடு ஆறாத கைப்பிடிகளை மரத்தூளில் புரட்டித் துடைத்து அடுக்குவாள். அவளுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் குளத்துக்குள் குதிக்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் பெரிய ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை. தகடு அடிக்கிற கொட்டகை. அங்கே ஒட்டிக்கொண்டதுதான் இந்த விதிப் பைத்தியம். ஒருதரம் என் சட்டி மூடியின் கைப்பிடியில் பிசிர் இருந்தது. ஒரு நொடி வேலைதானே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன இது?" என்றார்.

"மூடிக் கைப்பிடிண்ணே. கையைக் கிழிக்குது."

"அலுமினியம். இந்தக் கல்லுல அலுமினியம் காட்டக் கூடாது தங்கச்சி. மெத்துன்னு இருக்கறது கல்லுல போய் அப்பிக்கும். அப்பினா சூடேறும். சூடேறினா கல் வெடிக்கும். வெடிச்சா உன் மூடி என்ன, நீ என்ன, நான் என்ன."

"ஒரு பிசிருக்கா இவ்வளவு பேச்சு?"

"அரம் தர்றேன். வீட்டுல உக்காந்து தேச்சுக்கோ."

தந்தார். அதோடு விட்டாரா? சாமானும் கையுமாக யார் வந்தாலும் சொல்கிற பாடத்தை எனக்கும் சொன்னார். கையுறை போடாதே, கல் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடி. முடியைக் கட்டு. கல்லுக்கும் தாங்குபலகைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையலாம், இரண்டாவது நுழையக் கூடாது. சக்கரத்தில் காட்டும்போது அதன் அடிவயிற்றில் காட்டு, மேலே காட்டினால் பிடுங்கி எறியும். எதிர்ச்சுவரில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். முதல் வருஷம் ஒரு கைப்பிடி போய் இறங்கிய இடம். அதைப் பூசாமல் வைத்திருந்தார், படம் மாட்டி வைத்திருப்பது போல.

அந்த அரத்தைத் திருப்பித் தருகிற வரைக்கும் தினமும் சுவரைத் தட்டினார். "இதோ தர்றேண்ணே" என்று நான் இங்கிருந்து கத்துவேன். அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருப்பார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மனுஷருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. நேருக்கு நேர் நின்றால் வாயைப் பார்த்தே வார்த்தையைப் பிடித்துவிடுவார். அதனால் யாருக்கும் தெரியாது. தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொன்ன நாலைந்து பேரைத் தவிர.

ஆலையில் கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார்களாம். காதைப் பற்றி யாரும் பேசவே இல்லையாம். இதைச் சொன்னது அக்கா.

"கம்பெனிக்குத் தெரியக் கூடாதுடி. காது கேக்காதவன் கையில மெஷின் தர மாட்டாங்க. கத்தி சாணை பிடிக்கவும் இப்ப யாரும் வர்றதில்ல, தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கறாங்க. இதை விட்டா வேற எதுவுமில்ல எங்களுக்கு."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?" என்றேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். புதுக் கல் மாட்டுகிறதுக்கு முன்னால் அதைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் நாலு இடத்தில் லேசாகத் தட்டுவார். நல்ல கல் ணங் என்று மணி மாதிரி சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் டொக் என்று செத்த சத்தம் வரும், அந்தக் கல்லை ஓட்டினால் சிதறிவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். கேட்காத மனுஷர் என்ன செய்வார்? தட்டிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார்.

"பாடுதா?"

"பாடுது."

அதற்கப்புறம்தான் மரையை இறுக்குவார். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு முழு நிமிஷம் ஓரமாக ஒதுங்கி நிற்பார், பெரிய மனுஷர் வாசலில் காத்திருப்பது போல. அந்த ணங்கும், பாடுதாவும், பாடுதுவும் பதினோரு வருஷமாக என் அடுப்படிக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் சொல்வார்: "உன் காதை அவருக்கு வாடகைக்கு விடேன். சும்மாதானே சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

அக்காவும் நானும் ஒட்டுறவாகத்தான் இருந்தோம். இரண்டு வருஷமாகத்தான் அவளுக்கு ஒரு மண்டைக்கனம் வந்து சேர்ந்தது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து "அக்கா" என்று கூப்பிட்டால் பதில் வராது. கொடியில் துணி காயப்போடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று பேசினால் திரும்ப மாட்டாள். ஏறெடுத்துப் பார்த்தால் மட்டும் சிரிப்பாள். டீவியை வேறு அலற விட்டாள். தெரு முழுக்க அவள் வீட்டு நாடகத்தைக் கேட்டுத்தான் அழுதது. கம்பெனி வேலை நிலையாகிவிட்ட திமிர் என்று நான் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் ஆமாம் என்றார்கள்.

போன மாதம் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. வீட்டில் வைத்து வேலை செய்கிற எல்லாரையும் பட்டறையோடு சோதிக்கப் போகிறார்கள். தேறினால் வேலை தொடரும். தேறாவிட்டால் மூட்டை நிற்கும். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் ஒருதரமாவது இப்படி ஒரு பரீட்சை வராதா என்று ஏங்கிக் கிடந்தவர் மாதிரி மேசையைத் தேய்த்தார், ஒயருக்குப் புதுக் குழாய் போட்டார், தகரக் கூரையின் ஓட்டையை அடைத்தார். பழைய கல் தேய்ந்து சின்னதாகிவிட்டது. புதுக் கல் ஒன்று பரணில் அட்டைப்பெட்டிமேல் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது. அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அந்தப் பக்கம் அக்கா பரணை ஒதுக்கிவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கனமாக ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம். என் கை நின்றது. அவளுடைய துடைப்பம் நிற்கவில்லை. சர், சர் என்று பெருக்கிக்கொண்டே இருந்தாள். அடேயப்பா, வீட்டில் கல்லே விழுந்தாலும் அசைய மாட்டாளா என்று நினைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குச் சோதிக்க வருவார்கள். ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம்.

டொக்.

நான் உருளைக்கிழங்குச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு தட்டு. டொக். மூன்றாவது. நாலாவது. மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி.

"பாடுதா?"

"பாடுது."

மரை இறுக்குகிற சத்தம் வந்தது. நான் முன்னறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் முகத்தில் நுரையோடு நின்றிருந்தார்.

"கல் பாடலைங்க."

"எந்தக் கல்?"

"பக்கத்து வீட்டுக் கல்லு. டொக்குங்குது. அக்கா பாடுதுங்கறா."

"அவங்க கல்லு, அவங்க காது. உனக்கென்ன?"

"அண்ணனுக்குத்தான் கேக்காதே."

"அதான் அக்காவுக்குக் கேக்குமில்ல?" என்று சொல்லிவிட்டுத் தாடையைத் திருப்பிக்கொண்டார்.

அங்கேயே எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நிற்காத துடைப்பம். அலறுகிற டீவி. கொடியடியில் திரும்பாத முதுகு. இரண்டு வருஷமாக நான் தெருவெல்லாம் விநியோகித்த மண்டைக்கனம். அவளுக்கும் போய்விட்டது. மோட்டாருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுப் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள். நேற்று அவள் முதுகுக்குப் பின்னால் கல் விழுந்திருக்கிறது. பிறகு தரையில் கிடப்பதைப் பார்த்து, அவர்தான் எடுத்து வைத்திருப்பார் என்று மேசைமேல் வைத்திருப்பாள். அந்த வீட்டில் கல் விழுந்தது கேட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டுக்காரி.

பின்வாசல் வழியாக ஓடினேன். அதற்குள் கம்பெனி அம்மா வந்துவிட்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அட்டை, அதில் காகிதம், காதில் பென்சில். அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நின்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். கல்மேல் மூடி, தீக்குச்சி இடைவெளி, கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச், மடித்த சட்டைக் கை. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார்.

"காதுக்கு?" என்றார்.

அண்ணன் அந்த அம்மாவின் வாயைப் பார்த்துப் பிடித்துவிட்டார். ஆணியில் தொங்கின காதடைப்பானைக் காட்டினார். அதன் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. அந்த அம்மா அதை ஒரு விநாடி பார்த்தார். அதற்கும் டிக் போட்டார்.

"ஓட்டிக் காட்டுங்க ஐயா."

"ஓரமா நில்லுங்கம்மா. ஒரு நிமிஷம் யாரும் கல்லுக்கு நேரா நிக்கக் கூடாது."

"எனக்கே சொல்றீங்களே" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா ஒதுங்கினார். சந்தோஷமாகத்தான் ஒதுங்கினார்.

அக்கா சமையலறை வாசலில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் காதருகே குனிந்தேன். இந்தத் தெருவில் எத்தனை காதுகளைக் கடித்தவள் நான். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் ஒரு குடும்பத்தின் கதையையே முடித்துவிடுவேன்.

"அக்கா, கல்லு பாடலை" என்றேன் மெதுவாக.

"சர்க்கரை போட்டாச்சுடி. இரு, உனக்கும் தர்றேன்."

"கல்லுக்கா. விழுந்துடுச்சு. விரிஞ்சிருக்கு."

"என்னடி முணுமுணுக்கற? மூஞ்சியைக் காட்டிப் பேசு."

அவளிடம் ரகசியம் சொல்ல முடியாது. அதுதான் நிலைமை. அவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் கம்பெனிக்கும் கேட்கும். பட்டறையில் அண்ணனின் கை சுவிட்சை நோக்கிப் போவது தெரிந்தது. ஒரு நிமிஷம் ஓரமாக நிற்பார், சரி. அப்புறம் கல்லுக்கு முன்னால் குனிந்து நாள் முழுக்க வேலை செய்வார். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியது. அக்கறையா, வாய் அரிப்பா, எனக்கே தெரியாது. வாய் திறந்துவிட்டது.

"கல்லு டொக்குன்னு சத்தம் போடுதுக்கா. உனக்குக் கேக்கலியா?"

கம்பெனி அம்மா சட்டென்று திரும்பினார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த பூனைகூடத் திரும்பியது. திரும்பாதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் நிதானமாக சுவிட்சில் விரலை வைத்தார். அந்த அம்மா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

கல்லைக் கழற்றச் சொன்னார். விரலில் மாட்டி அவரே தட்டினார். டொக். பிறகு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ஐயா, நேரம் என்ன ஆச்சு?" என்றார். அண்ணன் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஐயா" என்றார் மறுபடியும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அக்காவின் முன்னால் வந்தார்.

"நீங்கதான் கேட்டுச் சொல்வீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. முன்னாடி நல்லாக் கேக்கும்."

"முன்னாடின்னா?"

"ரெண்டு வருஷமாத் தெளிவில்ல. அவரு மூஞ்சி பாடுதான்னு கேக்கும். நான் பாடுதுன்னு சொல்லுவேன். இல்லைன்னு சொன்னா, உனக்குக் கேக்குதாங்கற கேள்வி வந்துடும்."

அண்ணன் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை கல்லு?" என்றார்.

அக்கா நாலு விரலைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை அன்றுதான் பார்த்தேன். சுற்றிலும் முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"உனக்கும் கண்ணாடிதானே வாங்கிக் கொடுத்தேன்" என்றார் அவளிடம். "பக்கத்துல உக்கார வெச்சு."

அவ்வளவுதான் சொன்னார்.

கம்பெனி அம்மா கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் எழுதாமல் நின்றார். "நான் பாக்கலைன்னு எழுத முடியாதுங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நான் கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். "பக்கத்து வீடுதான். கல் மாத்தும்போது ஒரு குரல் கொடுத்தா வந்துடுவேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும், தெருவுல யாரை வேணா விசாரிங்க."

"கல் மாத்தும்போது மட்டும் இல்லீங்க. மெஷின் ஓடும்போது சத்தம் மாறினா, ஓட்டறவருக்குத் தெரியணும். நாள் பூரா பக்கத்துல நிப்பீங்களா?"

அண்ணன் குறுக்கிட்டார்.

"வேண்டாம். பக்கத்துல யாரும் நிக்க வேண்டாம். தங்கச்சி, நீ வீட்டுக்குப் போ."

போனேன். உருளைக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் கம்பெனி வண்டி வந்து பிசிர் எடுக்காத மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. அண்ணனே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். சரியாக இல்லாத மெஷினின் பிளக்கை வெட்டிவிட வேண்டும், தெரியாமல் யாராவது போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய இன்னொரு விதி. சாயங்காலம் வெட்டிவிட்டார். இப்போது கண்ணாடி இல்லாமல்தான் பால் வாங்க வருகிறார். பால்காரருக்கு முதல் நாள் அடையாளம் தெரியவில்லை, "யார் வீட்டுக்குங்க?" என்று கேட்டாராம். அண்ணனுக்கு அது கேட்கவில்லை.

தெருவில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றினாயே என்றார்கள். எந்த உயிரை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அக்காவை இப்போதும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன். பதில் இல்லை. கேட்கவில்லையா, கேட்க வேண்டாமென்று இருக்கிறாளா, தெரியவில்லை. கொடியடியில் அவள் எதிரே போய் நிற்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அந்தக் கல்லைச் சுத்தியால் உடைத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார் கம்பெனி அம்மா. கீழே விழுந்த கல்லை உடைக்காமல் வைத்திருக்கவே கூடாது என்பது அண்ணனே எனக்குச் சொன்ன பாடம்தான். இத்தனை நாளில் உடைக்கிற சத்தம் எனக்கு வரவில்லை. வந்தால் தவறவிடுகிறவள் இல்லை நான்.

வேறு சத்தம் வருகிறது. தினமும் நாலு மணிக்கு, டீ குடித்த டம்ளர்களை வைத்த பிறகு, மேசையைத் துடைக்கிற சத்தம். ஓடாத மோட்டாருக்கு எண்ணெய் போடுகிற சத்தம். அதற்கப்புறம் திருப்புளியை எடுக்கிறார்.

டொக். டொக். டொக். டொக்.

"பாடுதா?"

"பாடுது" என்கிறாள் அக்கா.

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன்.